கேம் செட்டிங்ஸ் சேவ் ஆக மாட்டேங்குதா, சேவ் ஆனாலும் வேலை செய்யலையா? ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பிசி கேமுக்குள்ள போய் ரெசல்யூஷன் மாத்தி, சவுண்ட் குறைச்சு, கீ எல்லாம் கைக்கு ஏத்த மாதிரி வச்சு விளையாடிட்டு மூடிடறோம், அடுத்த தடவை திறந்தா எல்லாம் பழைய மாதிரியே இருக்கு. இதுக்கு எங்க கேட்டாலும் வர்ற முதல் பதில் "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப போடு"ங்கறதுதான். தயவுசெஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க. நூறு ஜிபி கேமை மறுபடி டவுன்லோட் பண்ணி வச்சாலும் பெரும்பாலும் பிரச்சனை அப்படியேதான் இருக்கும், ஏன்னா நிறைய கேம்ல செட்டிங்ஸ் ஃபைல் கேம் இருக்கிற ஃபோல்டர்ல இருக்கிறதே இல்ல, உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள வேற ஒரு இடத்துல இருக்கு, அன்இன்ஸ்டால் பண்ணும்போது அது அப்படியே தங்கிடும். ஸ்டீம்ல ஃபைல் எல்லாம் சரியா இருக்கான்னு வெரிஃபை பண்றோமே, அதுவும் கேம் ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும்.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள மூணு வேற வேற பிரச்சனை இருக்கு. ஒன்னு, நீங்க மாத்தினதை கேம் டிஸ்க்ல எழுதவே இல்ல, இல்ல எழுத முடியல. ரெண்டு, எழுதிடுச்சு, ஆனா அடுத்த தடவை கேம் திறக்கிறதுக்குள்ள வேற ஏதோ ஒன்னு வந்து பழசையே திரும்ப வச்சிடுது. மூணு, ஃபைல்லயும் சரியா இருக்கு, மெனுவுலயும் சரியா காட்டுது, ஆனா ஸ்கிரீன்ல ஒரு வித்தியாசமும் இல்ல. இது மூணுல உங்களோடது எதுன்னு கண்டுபிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது. கண்டுபிடிக்காம வீடியோல சொன்னதை எல்லாம் வரிசையா பண்ணிட்டே போனா கடைசில எது சரி பண்ணுச்சுன்னும் தெரியாது, எதைப் புதுசா கெடுத்து வச்சோம்னும் தெரியாது.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்

கேமைத் திறங்க, மேட்ச் எதுவும் ஆரம்பிக்காதீங்க, மியூசிக் வால்யூம் மாதிரி ஒரே ஒரு சின்ன செட்டிங்கை மட்டும் மாத்துங்க, அப்ளை பட்டன் இருந்தா அழுத்துங்க, மெனு வழியா முறையா வெளிய வாங்க, ஆல்ட் எஃப்4 வேண்டாம். அப்புறம் டாஸ்க் மேனேஜர் திறந்து அந்த கேமோட பேரு இன்னும் ஓடிட்டு இருக்கான்னு பாருங்க, முழுசா போனதுக்கு அப்புறம் திரும்ப திறங்க. வால்யூம் நீங்க வச்ச இடத்துலயே இருந்தா சேவ் ஆகுற வழி நல்லாதான் இருக்கு, கோளாறு கேம் மூடுற விதத்துலதான். ஏன்னா நிறைய கேம் நீங்க மாத்தின உடனே எழுதாது, மூடும்போதுதான் மொத்தமா எழுதும். யூனிட்டி எஞ்சின்ல (எஞ்சின்னா கேமை உருவாக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) கேமுக்கு செட்டிங்ஸ் வைக்கறதுக்குன்னே பிளேயர்பிரெஃப்ஸ்னு ஒன்னு இருக்கு, டெவலப்பர் தனியா சேவ் பண்ணச் சொல்லி எழுதலைன்னா அது கேம் ஒழுங்கா மூடும்போதுதான் டிஸ்க்குக்கு போகும். அதனால கேம் கிராஷ் ஆனாலோ டாஸ்க் மேனேஜர்ல எண்ட் டாஸ்க் குடுத்தாலோ நீங்க மாத்தினது எல்லாம் மெமரியோட போயிடும். உங்க கேம் மூடும்போது மட்டும் கிராஷ் ஆகுற கேமா இருந்தா செட்டிங்ஸை விட்டுட்டு அந்த கிராஷைத்தான் பார்க்கணும். டிஸ்கார்ட் ஓவர்லே, ஸ்கிரீன் ரெக்கார்டர், எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்னு) காட்டுற சாஃப்ட்வேர் இது எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு தடவை மூடிப் பாருங்க.

ரெசல்யூஷன் மாத்தினா "இதை வச்சுக்கலாமா"னு ஒரு பாக்ஸ் வந்து கவுன்ட்டவுன் ஓடும் இல்லையா, அதுக்குள்ள எஸ் குடுக்கலைன்னா பழசுக்கே போயிடும். சில நேரம் மானிட்டர் புது மோடுக்கு மாறுற அந்த கருப்பு ஸ்கிரீன்லயே பாதி நேரம் போயிடுது, பாக்ஸ் வந்ததே நமக்குத் தெரியாம போயிடும். அதே மாதிரி சில கேம்ல கிராஃபிக்ஸ் பேஜ்ல அப்ளை குடுக்காம ஆடியோ பேஜுக்கு மாறினாலே கிராஃபிக்ஸ்ல மாத்தினது போயிடும், அதனால ஒவ்வொரு பேஜுக்கும் தனியா அப்ளை குடுத்துட்டு நகருங்க.

ஃபைல் எங்க இருக்கு

சின்ன டெஸ்ட்ல தேறலைன்னா அடுத்து ஃபைலைத் தேடணும். விண்டோஸ்ல பொதுவா இந்த இடங்கள்ல ஒன்னுல இருக்கும்: டாக்குமென்ட்ஸ், அதுக்குள்ள மை கேம்ஸ், சேவ்டு கேம்ஸ், அப்புறம் ஆப்டேட்டான்னு மறைஞ்சிருக்கிற ஃபோல்டருக்குள்ள இருக்கிற லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் மூணும். ஆப்டேட்டா ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியலைன்னா ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுவுல ஹிடன் ஐட்டம்ஸ் காட்டுன்னு டிக் போடுங்க. இல்லன்னா விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தி, லோக்கல்ஆப்டேட்டாங்கறதை இங்கிலீஷ்ல சேர்த்து எழுதி முன்னாடியும் பின்னாடியும் பர்சன்ட் குறி போட்டு என்டர் அடிங்க, நேரா லோக்கல் ஃபோல்டருக்கே போயிடும்.

எஞ்சின் தெரிஞ்சா தேடுறது சுலபம். அன்ரியல் எஞ்சின் கேம்னா லோக்கல் ஃபோல்டருக்குள்ள கேம் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள சேவ்டு, அதுக்குள்ள கான்ஃபிக், அதுக்குள்ள விண்டோஸ்னோஎடிட்டர் அல்லது விண்டோஸ்னு ஒரு ஃபோல்டர், அங்கதான் கேம்யூசர்செட்டிங்ஸ்ங்கற ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். யூனிட்டி கேம்னா கொஞ்சம் சிக்கல், பிளேயர்பிரெஃப்ஸ் ஃபைலாவே இருக்காது, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸ்) கரன்ட் யூசருக்குக் கீழ சாஃப்ட்வேர், அதுக்குள்ள கம்பெனி பேர், அதுக்குள்ள கேம் பேர்னு இருக்கும். ஜிடிஏ 5 டாக்குமென்ட்ஸுக்குள்ள ராக்ஸ்டார் கேம்ஸ் ஃபோல்டர்ல செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல்னு வைக்கும், சைபர்பங்க் 2077 லோக்கல்ல சிடி ப்ரொஜெக்ட் ரெட் ஃபோல்டருக்குள்ள யூசர்செட்டிங்ஸ் ஜேசன்னு வைக்கும், மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் டாட் மைன்கிராஃப்ட் ஃபோல்டர்ல ஆப்ஷன்ஸ்ங்கற டெக்ஸ்ட் ஃபைல்ல வைக்கும். வேற கேமுக்கு பிசி கேமிங் விக்கில அந்த கேம் பேஜைத் திறந்து கான்ஃபிகரேஷன் ஃபைல் லொகேஷன்னு இருக்கிற கட்டத்தைப் பாருங்க. ஒவ்வொரு கேமுக்கும் பொறுமையா உக்காந்து இதை எழுதி வச்ச ஆளுங்களுக்கு உண்மையாவே நன்றி சொல்லணும்.

ஃபைல் கிடைச்சதும் அதை ஒரு காப்பி எடுத்து வேற எங்கயாவது வச்சிடுங்க. இதை மட்டும் தவிர்க்காதீங்க, நிறைய கேம்ல செட்டிங்ஸும் சேவ் கேமும் பக்கத்து பக்கத்துல இருக்கும், அவசரத்துல மாத்தி அழிச்சிட்டா விளையாடின மொத்தமும் போயிடும்.

இப்ப முக்கியமான வேலை. ஃபோல்டர்ல டேட் மாடிஃபைடுன்னு இருக்கிற நேரத்தைப் பாருங்க. கேம்ல ஒரு செட்டிங் மாத்தி, முறையா வெளிய வந்து, உடனே அந்த நேரத்தைப் பாருங்க. நேரம் மாறலைன்னா கேம் எழுதல, முதல் வகை. நேரம் மாறியிருக்கு, நோட்பேட்ல திறந்தா நீங்க வச்ச மதிப்பு உள்ள இருக்கு, ஆனா கேமை மறுபடி திறந்ததும் பழசாயிடுதுன்னா ரெண்டாவது வகை. மதிப்பு எப்பவுமே சரியா இருக்கு, ஸ்கிரீன்லதான் தெரியலைன்னா மூணாவது வகை. யூனிட்டி கேமுக்கு இதையே ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல எஃப்5 அடிச்சு மதிப்பு மாறுதான்னு பார்க்கலாம், ஆனா அங்க கண்ணால பார்க்கறதோட நிறுத்திக்கங்க.

எழுதவே இல்லைன்னா

முதல்ல ஃபைலை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ரீட் ஒன்லி டிக் இருக்கான்னு பாருங்க. இது தானா வந்திருக்கலாம், ஆனா பெரும்பாலும் எப்பவோ ஏதோ ஒரு கைடைப் பார்த்து நாமே போட்டதா இருக்கும், "செட்டிங்ஸ் மாறாம இருக்கணும்னா ரீட் ஒன்லி போடு"னு நிறைய பேர் சொல்லுவாங்க, போட்டுட்டு மறந்துடுவோம், அப்புறம் எந்த மாற்றமும் ஏறாது. டிக் எடுத்துட்டு அப்ளை குடுங்க. ஃபோல்டருக்கு ஒரு சதுரம் மாதிரி டிக் காட்டும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது எல்லா ஃபோல்டருக்கும் வர்றதுதான், ஃபைலோட டிக்தான் கணக்கு.

அடுத்தது கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். என்னைக் கேட்டா இந்த வகைல முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விண்டோஸ் 10க்கு 2017ல வந்த 1709 அப்டேட்ல இருந்து இது இருக்கு, ரான்சம்வேர் வந்து உங்க ஃபைலை எல்லாம் பூட்டிடக் கூடாதுன்னு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்ல தெரியாத புரோகிராம் எதையும் எழுத விடாது. டிஃபால்ட்டா ஆஃப்லதான் இருக்கும், ஆனா யாராவது ஆன் பண்ணியிருந்தா டாக்குமென்ட்ஸ்ல செட்டிங்ஸ் வைக்கிற கேம் எல்லாம் எழுத முடியாம போயிடும். தடுத்துட்டோம்னு ஒரு நோட்டிஃபிகேஷன் வரும்தான், ஆனா கேம் விளையாடும்போது விண்டோஸ் நோட்டிஃபிகேஷனை அமுக்கி வைக்கிறதால உங்க கண்ணுல படாமயே போயிடும். விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதுல கீழ ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன் போங்க. ஆன்ல இருந்தா அதை ஆஃப் பண்ணாதீங்க, அது உங்களுக்கு நல்லது பண்ற விஷயம், அலவ் ஆன் ஆப்ங்கறதை அழுத்தி உங்க கேமோட எக்ஸ்இ ஃபைலை மட்டும் சேர்த்துடுங்க. லாஞ்சரை இல்ல, உண்மையா ஓடுற கேம் எக்ஸ்இயை. எது உண்மையான எக்ஸ்இன்னு தெரியலைன்னா கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல அதை ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் ஃபைல் லொகேஷன் குடுங்க, காட்டிடும். வேற கம்பெனி ஆன்ட்டிவைரஸ் வச்சிருந்தா அதுலயும் இதே மாதிரி ஒரு ஃபோல்டர் பாதுகாப்பு இருக்கலாம், அதையும் பாருங்க.

மைக்ரோசாஃப்ட்டோட க்ளவுட் ஸ்டோரேஜ் ஒன்டிரைவ் இன்னொரு இடைஞ்சல். விண்டோஸ் செட்அப் பண்ணும்போது நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுத்துட்டே வந்தா டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள்ள போயிருக்கும், டெஸ்க்டாப்பும் கூடவே போயிருக்கும். அப்ப டாக்குமென்ட்ஸ்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கிற மாதிரி ஆயிடும், பழசு ஒன்னு யூசர் ஃபோல்டருக்கு நேர் கீழ, புதுசு ஒன்னு ஒன்டிரைவுக்குள்ள, கேம் ஒன்னுல எழுதும், நீங்க இன்னொன்னைத் திறந்து வச்சுக்கிட்டு ஏன் மாறலைன்னு பார்த்துட்டு இருப்பீங்க. எது உண்மையானதுன்னு தெரியணும்னா எக்ஸ்ப்ளோரர்ல டாக்குமென்ட்ஸை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல லொகேஷனைப் பாருங்க. கேம் எழுதுற அதே நேரத்துல ஒன்டிரைவ் அந்த ஃபைலை மேல ஏத்திட்டு இருந்தா மோதல் வரவும் வாய்ப்பு இருக்கு. இலவசமா குடுக்கிற 5 ஜிபி நிறைஞ்சிட்டா சிங்க்கும் நின்னுடும். ஒன்டிரைவ் சிங்க்கை கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிட்டு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, சரியாச்சுன்னா ஒன்டிரைவ் செட்டிங்ஸ்ல பேக்அப் பகுதிக்கு போய் டாக்குமென்ட்ஸை மட்டும் நிறுத்துங்க. நிறுத்தினதுக்கு அப்புறம் ஃபைல் எல்லாம் எங்க இருக்குன்னு ஒரு தடவை பொறுமையா பாருங்க, ஒன்டிரைவுக்குள்ளயே தங்கியிருந்தா நீங்கதான் எடுத்து பழைய டாக்குமென்ட்ஸுக்கு கொண்டு வரணும்.

யூசர் பேரு. இது நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய ஒன்னு. விண்டோஸ் அக்கவுன்ட் பேரை தமிழ் எழுத்துல வச்சிருந்தா யூசர் ஃபோல்டர் பேரும் தமிழ்லயே இருக்கும், யூனிகோடை ஒழுங்கா கையாளாத பழைய கேம்களுக்கு அந்த பாதையைப் படிக்கவே தெரியாது, எர்ரர் கூட காட்டாம சும்மா டிஃபால்ட் செட்டிங்ஸோட ஓடும். தமிழ்னு இல்ல, இங்கிலீஷ் அல்லாத எந்த எழுத்துக்கும் இதே கதிதான். அக்கவுன்ட்டோட டிஸ்ப்ளே பேரை மாத்தினா ஃபோல்டர் பேரு மாறாது, ரெஜிஸ்ட்ரில கை வச்சு ஃபோல்டர் பேரை மாத்துற வழி எல்லாம் ஆபத்து. வெறும் இங்கிலீஷ் எழுத்துல புதுசா ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி அதுல கேமைத் திறந்து பாருங்க, அங்க சேவ் ஆச்சுன்னா காரணம் இதுவா இருக்கலாம், இல்லன்னா உங்க பழைய அக்கவுன்ட்டோட பர்மிஷன்ல ஏதோ கோளாறு. ரெண்டுல எதுவா இருந்தாலும் தேடுற இடம் சுருங்கிடுச்சு.

பர்மிஷன் பத்தி ஒரு விஷயம். ரொம்ப பழைய கேம் எல்லாம் செட்டிங்ஸை தன்னோட இன்ஸ்டால் ஃபோல்டர்லயே எழுதும். அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள இருந்தா, விஸ்டா காலத்துல இருந்து சாதாரணமா ஓடுற புரோகிராம் அங்க எழுத முடியாது. விண்டோஸ் அதை அமைதியா லோக்கல் ஃபோல்டருக்குள்ள விர்ச்சுவல்ஸ்டோர்னு ஒரு இடத்துக்கு திருப்பி விட்டுடும். அப்புறம் ஒரு நாள் அட்மினா ஓட்டினா கேம் உண்மையான ஃபோல்டரைப் படிக்கும், அடுத்த நாள் சாதாரணமா ஓட்டினா விர்ச்சுவல்ஸ்டோரைப் படிக்கும், ஒரு நாள் சரியா இருக்கு ஒரு நாள் இல்லைன்னு குழம்பறது இதனாலதான். அந்த மாதிரி கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளிய, டிரைவ்ல நேரா ஒரு கேம்ஸ் ஃபோல்டர் போட்டு அங்க மாத்திடுங்க. எல்லாத்துக்கும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுக்கிற பழக்கம் வேண்டாம், நீங்க சாதாரண அக்கவுன்ட்ல இருந்து வேற ஒருத்தரோட அட்மின் பாஸ்வேர்டு போட்டு ஓட்டினா கேம் அவங்களோட யூசர் ஃபோல்டர்லதான் செட்டிங்ஸை எழுதும், உங்களோடதுல இல்ல.

சி டிரைவ் நிறைஞ்சு போயிருந்தாலும் எழுதாது, அதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.

இவ்வளவும் பார்த்து பிடிபடலைன்னா மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ்ல ப்ராசஸ் மானிட்டர்னு ஒரு இலவச டூல் இருக்கு. முதல்ல பார்த்தா மிரட்டும், வினாடிக்கு ஆயிரக்கணக்குல வரி ஓடும், ஆனா ஃபில்டர்ல ப்ராசஸ் நேம்ங்கற இடத்துல உங்க கேம் எக்ஸ்இ பேரைப் போட்டுட்டு, ரிசல்ட்ங்கற இடத்துல ஆக்சஸ் டினைடுன்னு போட்டா கேம் எந்த ஃபைலைத் தொடப் போய் தடுக்கப்பட்டுச்சுன்னு வரி வரியா காட்டிடும். ரிசல்ட் ஃபில்டரை எடுத்துட்டு ஆப்பரேஷன்ல ரைட்ஃபைல்னு போட்டா கேம் உண்மையா எங்க எழுதுதுன்னே தெரிஞ்சிடும், ஃபைல் லொகேஷன் எங்கயும் கிடைக்காத கேமுக்கும் இதான் வழி. ஆன்ட்டிசீட் (ஏமாத்தி விளையாடுறவங்களைப் பிடிக்கிற சாஃப்ட்வேர்) இருக்கிற ஆன்லைன் கேமுக்கு மட்டும் இதைப் பண்ணாதீங்க, அது இந்த மாதிரி டூலை சந்தேகமா பார்க்க வாய்ப்பு இருக்கு.

எழுதுது, ஆனா திரும்பி பழசாயிடுதுன்னா

இங்க முதல் ஆள் க்ளவுட் சேவ். ஸ்டீம் க்ளவுட்ல செட்டிங்ஸ் ஃபைலையும் சேர்த்து வச்சிருக்கிற கேம் இருக்கு, கேம் திறக்கிறதுக்கு முன்னாடி ஸ்டீம் க்ளவுட்டோட ஒத்துப் பார்க்கும், மூடினதும் மேல ஏத்தும். மூடின உடனே ஸ்டீமையோ கம்ப்யூட்டரையோ ஆஃப் பண்ணிட்டா மேல ஏறாது. வீட்ல டெஸ்க்டாப்ல 1440பி, லேப்டாப்ல 1080பின்னு ரெண்டு மெஷின்ல விளையாடுறவங்களுக்கு இது ரொம்ப தொல்லை, ஒன்னுல வச்சது இன்னொன்னுல வந்து உக்காந்துடும். கெட்டுப்போன செட்டிங்ஸ் ஃபைலை நீங்க அழிச்சாலும் க்ளவுட்ல இருந்து அதே கெட்ட ஃபைல் திரும்ப வந்துடும். அதனால வரிசை முக்கியம்: முதல்ல ஸ்டீம்ல கேமை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல்ல க்ளவுட்டை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் ஃபைலோட பேரை மாத்தி வைங்க, கேமைத் திறந்து செட்டிங்ஸ் வச்சு முறையா மூடுங்க, ரெண்டு தடவை திறந்து மூடி நிக்குதான்னு பாருங்க, கடைசில க்ளவுட்டை ஆன் பண்ணுங்க, எதை வச்சுக்கணும்னு கேட்டா லோக்கல் ஃபைலைத் தேர்ந்தெடுங்க. எபிக், ஜிஓஜி லாஞ்சர்லயும் க்ளவுட் சேவ் இருக்கு, யோசனை அதே.

அடுத்தது லேப்டாப்காரங்களுக்கு. ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கிற லேப்டாப்ல சில கேம் ஒவ்வொரு தடவையும் எந்த சிப் இருக்குன்னு பார்த்துட்டு, போன தடவைக்கும் இப்பவுக்கும் மாறியிருந்தா "புது ஹார்டுவேர்"னு நினைச்சுக்கிட்டு ஆட்டோ டிடெக்ட் ஓட்டி எல்லாத்தையும் மாத்திடும். சார்ஜர் போட்டா ஒரு மாதிரி, போடலைன்னா ஒரு மாதிரி இருக்குதா, இதைத்தான் சந்தேகப்படணும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ்ல போய் அந்த கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ்னு வச்சிடுங்க. எக்ஸ்டர்னல் மானிட்டர் மாட்டி கழட்டுறவங்களுக்கும் இதே மாதிரி நடக்கும்.

என்விடியா, ஏஎம்டி சாஃப்ட்வேர்ல கேமை ஆப்டிமைஸ் பண்ற வசதியையும் பாருங்க. என்விடியாவோடதுல புதுசா சேர்ற கேமை தானாவே ஆப்டிமைஸ் பண்ணுங்கற ஆப்ஷன் இருக்கு, அது நேரா உங்க செட்டிங்ஸ் ஃபைல்லயே எழுதும். நீங்க கையால வைக்கிற ஆளா இருந்தா அதை ஆஃப் பண்ணிடுங்க.

லாஞ்ச் ஆப்ஷனை, அதாவது கேம் திறக்கும்போது ஸ்டீம் அதுக்கு குடுக்கிற கட்டளையை, மறந்துடாதீங்க. ஸ்டீம்ல எப்பவோ விண்டோடு, அகலம் உயரம்னு ஏதாவது போட்டிருந்தா மெனுவுல என்ன வச்சாலும் ஒவ்வொரு தடவையும் லாஞ்ச் ஆப்ஷன்தான் ஜெயிக்கும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மாதிரி வால்வ் கேம்ல கேம் திறக்கும்போது தானா ஓடுற ஆட்டோஎக்செக்ங்கற கான்ஃபிக் ஃபைலும் இப்படித்தான், அதுல சென்சிட்டிவிட்டி ஒன்னு எழுதியிருந்தா கேமுக்குள்ள நீங்க மாத்தினது அடுத்த தடவை போயிடும். ஸ்கைரிம்ல மாட்களை நிர்வகிக்கிற மாட் ஆர்கனைசர் 2 வச்சு விளையாடுறவங்க டாக்குமென்ட்ஸ்ல இருக்கிற ஐஎன்ஐயை எடிட் பண்ணிட்டு ஒன்னும் மாறலைன்னு சொல்றதும் அடிக்கடி நடக்கும், மாட் ஆர்கனைசர் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி ஐஎன்ஐ வச்சுக்க முடியும், அந்த வசதி ஆன்ல இருந்தா அதுக்குள்ள இருக்கிற ஐஎன்ஐ எடிட்டர்லதான் மாத்தணும்.

கேமுக்கு பெரிய பேட்ச் வந்ததும் செட்டிங்ஸ் போச்சுன்னா அது பெரும்பாலும் வேணும்னே பண்றது. அன்ரியல் கேமோட அந்த ஐஎன்ஐல வெர்ஷன்னு ஒரு எண் இருக்கும், கேம் எதிர்பார்க்கிற எண்ணோட அது ஒத்துப்போகலைன்னா எல்லாத்தையும் டிஃபால்ட்டுக்கு கொண்டு போயிடும். ஒரு தடவை திரும்ப வச்சா நிக்கும். விட்சர் 3க்கு 2022 டிசம்பர்ல வந்த நெக்ஸ்ட்ஜென் அப்டேட்டுக்கு அப்புறம் டைரக்ட்எக்ஸ் 12ல ஓட்டுறதுக்குன்னு தனி செட்டிங்ஸ் ஃபைலே வந்துடுச்சு, அதனால பழைய யூசர் செட்டிங்ஸ் ஃபைல்ல எடிட் பண்ணிட்டு டைரக்ட்எக்ஸ் 12ல திறந்தா ஒன்னும் மாறியிருக்காது.

எல்லாம் சரியா இருக்கு, ஸ்கிரீன்ல தெரியலைன்னா

இதுல பாதி பேருக்கு காரணம் பார்டர்லெஸ் மோடு, அதாவது ஓரம் இல்லாத விண்டோவா முழு ஸ்கிரீனை நிரப்புறது. பார்டர்லெஸ்ல கேம் உங்க டெஸ்க்டாப் ரெசல்யூஷன்லயேதான் நிக்கும், மெனுவுல 1280க்கு 720னு வச்சாலும் பல கேம்ல ஒன்னும் ஆகாது, இல்ல அந்த ஆப்ஷனே மங்கலா இருக்கும். ரெஃப்ரெஷ் ரேட்டும் அப்படித்தான், விண்டோஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா 144 மானிட்டர் வச்சிருந்தும் பயனில்ல. முதல்ல விண்டோஸ்ல சரி பண்ணிட்டு அப்புறம் கேமுக்கு வாங்க. அங்க 144 லிஸ்ட்லயே வரலைன்னா கேபிளையும், எந்த போர்ட்ல சொருகியிருக்குன்னும் பாருங்க.

படம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டாலோ, மானிட்டரோட ரெசல்யூஷனை விட சின்ன எண்ணே லிஸ்ட்ல வந்தாலோ அது விண்டோஸ் ஸ்கேலிங்கா இருக்கலாம். 4கே ஸ்கிரீன்ல 150 சதவீதம் ஸ்கேலிங் வச்சிருந்தா சில கேமுக்கு ஸ்கிரீன் 2560க்கு 1440னுதான் தெரியும். எக்ஸ்இயை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய் ஓவர்ரைடுல டிக் போட்டு அப்ளிகேஷன்னு வைங்க.

வீசிங்க் (ஃப்ரேமை மானிட்டர் வேகத்தோட ஒத்துப்போக வைக்கிறது), எஃப்பிஎஸ் லிமிட் ரெண்டும் கேம்ல ஒரு இடத்துலயும், கிராஃபிக்ஸ் டிரைவர்ல ஒரு இடத்துலயும், சில நேரம் மூணாவதா ஒரு சாஃப்ட்வேர்லயும் இருக்கும். டிரைவர்ல வீசிங்க்கை கட்டாயம் ஆன்னு வச்சிருந்தா கேம்ல ஆஃப் பண்ணி ஒன்னும் ஆகாது. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல யூஸ் த 3டி அப்ளிகேஷன் செட்டிங்னு வச்சா கேம் சொல்றதை டிரைவர் கேட்கும். அங்க குளோபல் ஒன்னு, கேம்வாரியா ஒன்னுன்னு ரெண்டு பேஜ் இருக்கு, ரெண்டையும் பாருங்க. லேப்டாப் பேட்டரில ஓடும்போது மட்டும் எஃப்பிஎஸ் 30ல நின்னா என்விடியாவோட பேட்டரி பூஸ்ட் வேலையா இருக்கலாம். எல்டன் ரிங் மாதிரி கேம் 60க்கு மேல போகாம பூட்டியே வந்திருக்கு, அதை எந்த செட்டிங்கும் மாத்தாது.

ஒரு ஆப்ஷன் இன்னொன்னைப் பிடிச்சு வைக்கிறதும் உண்டு. குறைஞ்ச ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கிக் காட்டுற டிஎல்எஸ்எஸ்ஸோ எஃப்எஸ்ஆரோ ஆன்ல இருந்தா, பல கேம்ல ஆன்ட்டி அலையாசிங் (ஓரங்களை மழுப்புறது) மாத்த விடாது. டைனமிக் ரெசல்யூஷன் ஆன்ல இருந்தா நீங்க வச்ச ரெசல்யூஷன் பேருக்குத்தான். டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன் வரலைன்னா விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்சலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் ஆன்ல இருக்கணும், மாத்தினா கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் பண்ணணும். எச்டிஆர் நிறைய கேம்ல விண்டோஸ்லயே எச்டிஆர் ஆன் பண்ணாதான் கேம் மெனுவுல உயிர் பெறும், விண்டோஸ், ஆல்ட், பி மூணும் சேர்த்து அழுத்தினா ஆன் ஆகும். டெக்ஸ்சர் குவாலிட்டி, ரே ட்ரேசிங் இதெல்லாம் கேமை ரீஸ்டார்ட் பண்ணாம பல கேம்ல ஏறாது, அப்படி கேட்கிற சின்ன எழுத்து மெனுவோட கீழ ஓரத்துல இருக்கும். டெக்ஸ்சரை அல்ட்ரா வச்சும் மங்கலாவே இருந்தா விரேம் (கிராஃபிக்ஸ் கார்டோட மெமரி) பத்தாம கேமே குறைச்சு ஓட்டுதோன்னு பாருங்க.

கீ செட்டிங்ஸ்

கீ மாத்தினது நிக்கலைன்னா ஸ்டீம் இன்புட்டைப் பாருங்க, கன்ட்ரோலர் மாட்டியிருந்தா கேமுக்கு முன்னாடி ஸ்டீமே பட்டனை மாத்தி அனுப்பும். அந்த கேமுக்கு மட்டும் டிசேபிள் பண்ணிப் பார்க்கலாம். தமிழ் கீபோர்டு வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொன்னு: கேம் ஓடும்போது இன்புட் தமிழ்ல மாறியிருந்தா, எழுத்தை வச்சு கீயைக் கண்டுபிடிக்கிற கேம்ல டபிள்யூ, ஏ, எஸ், டி எதுவுமே வேலை செய்யாது, செட்டிங்ஸ் போச்சுன்னு தோணும். ஆல்ட் ஷிஃப்ட்டை விளையாட்டு வேகத்துல சேர்த்து அழுத்தினாலே மொழி மாறிடும். கீபோர்டு அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல அந்த ஷார்ட்கட்டை எடுத்துட்டு விண்டோஸ் ஸ்பேஸ் மட்டும் வச்சுக்கங்க.

கையால எடிட் பண்ணும்போது

கேம் மூடியிருக்கணும். ஓடிட்டு இருக்கும்போது ஐஎன்ஐல எழுதினா கேம் மூடும்போது தன் மெமரில இருக்கிறதை அது மேலயே எழுதிடும். புது ஃபைல் உருவாக்கச் சொன்னா எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிட்டு உருவாக்குங்க, இல்லன்னா ஐஎன்ஐக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாம டாட் டிஎக்ஸ்டின்னு ஒன்னு ஒட்டிக்கும், கேம் அதைப் பார்க்கவே பார்க்காது. அன்ரியல் கேம்ல ரெசல்யூஷன் மாத்தினா ரெசல்யூஷன்சைஸ் எக்ஸ், ஒய் மட்டும் இல்ல, லாஸ்ட்யூசர்கன்ஃபர்ம்டுன்னு ஆரம்பிக்கிற ரெண்டு வரியையும் சேர்த்து மாத்துங்க. அங்கயே ஃபுல்ஸ்கிரீன்மோடுன்னு இருக்கும், 0 முழு ஸ்கிரீன், 1 பார்டர்லெஸ், 2 விண்டோ. எல்லாம் பண்ணி கேம் தானா மாத்திக்கிட்டே இருந்தா மட்டும் கடைசி வழியா ரீட் ஒன்லி போடுங்க, போட்டதை எங்கயாவது குறிச்சு வைங்க, சில கேம் ரீட் ஒன்லி பார்த்தா திறக்கவே திறக்காது, அப்ப எடுத்துடுங்க.

லினக்ஸ்ல, ஸ்டீம் டெக்ல ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட வைக்கிற சாஃப்ட்வேர்) வழியா ஓடுற கேமுக்கு மேல சொன்ன டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா எல்லாம் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ள காம்பாட்டேட்டா, அதுக்குள்ள கேமோட ஆப் ஐடி எண், அதுக்குள்ள பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர்னு போனா கிடைக்கும். அந்த காம்பாட்டேட்டா ஃபோல்டரை அழிச்சா சுத்தமா புதுசா ஆரம்பிக்கும், ஆனா க்ளவுட் இல்லாத கேமோட சேவும் அதுக்குள்ளதான் இருக்கும், காப்பி எடுக்காம தொடாதீங்க.

இதுக்கும் மேல நிக்கலைன்னா கேம்லயே பக் இருக்கலாம், டெவலப்பருக்கு எழுதுங்க. "செட்டிங்ஸ் சேவ் ஆகல"னு மட்டும் எழுதினா அவங்களால ஒன்னும் பண்ண முடியாது. எந்த செட்டிங், எந்த மதிப்புல இருந்து எந்த மதிப்புக்கு, ஃபைல்ல டேட் மாடிஃபைடு மாறுச்சா இல்லையா, மூடினப்ப கிராஷ் ஆச்சா, க்ளவுட் ஆன்ல இருந்துச்சா, விண்டோஸ் வெர்ஷன், டிரைவர் வெர்ஷன், இதோட அந்த செட்டிங்ஸ் ஃபைலையும் லாக் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்க. யூனிட்டி கேம்னா லாக் லோக்கல்லோ ஃபோல்டர்ல பிளேயர் லாக்னு இருக்கும், அன்ரியல்னா சேவ்டுக்குள்ள லாக்ஸ் ஃபோல்டர்ல இருக்கும். லாக்ல உங்க யூசர் ஃபோல்டர் பேரு வரும், எல்லாரும் பார்க்கிற இடத்துல போடுறதா இருந்தா அதை மட்டும் மாத்திட்டு போடுங்க.